சறுக்குப்பலகை, பெண்ணுடல், கேமரா: ஒரு குறும்படக் குறிப்பை முன்வைத்து

விஸ்காம் படிக்கிற மாணவர்கள் மூன்று பேர் (இரண்டு பெண்கள், ஒரு பையன்) போன வருஷம் ஒரு திரைக்குறிப்போடு என்னைத் தேடி வந்தார்கள். சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டுகிற பெண்பிள்ளைகளைப் பற்றிப் பத்து நிமிஷக் குறும்படம். பின்னணிக் குரலுக்கு 'நல்ல தமிழில்' எழுதித் தர வேண்டுமாம். தமிழ் எம்.ஏ. படித்தவனை ஊர் இந்த மாதிரி வேலைக்குத்தான் கூப்பிடும். கல்யாணப் பத்திரிகைக்கு அடுத்தபடியாக இது.

குறிப்பை வாசித்தேன். விடியற்காலைக் கடல், மேலிருந்து ட்ரோன். பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, வெறுங்காலோடு ஒரு சிறுமி பலகைமேல் ஏறுகிறாள். ஸ்லோ மோஷன். பாவாடை காற்றில் விரிகிறது. குரல்: சிறகு, வானம், விலங்கு உடைதல் வகையறா. பத்து நிமிஷமும் அவள் போய்க்கொண்டே இருக்கிறாள்.

"இதுல அவ எங்க விழறா?" என்று கேட்டேன்.

"விழறதா? அது நெகடிவ்வா போயிடும் சார்."

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பெண் பலகைமேல் ஏறியதும் கேமரா ஏன் அவளை விழாதவளாகப் பார்க்க ஆசைப்படுகிறது, அந்த ஆசை யாருடையது என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. (இதை எழுதுகிறவன் ஆண், பலகைமேல் ஒரு நாளும் ஏறாதவன் என்பதையும் வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.)

முதலில் சொல். அவர்களுடைய குறிப்பில் 'சறுக்குப்பலகை' என்று இருந்தது. ஓட்டுகிற பிள்ளைகள் 'போர்டு' என்றுதான் சொல்கிறார்கள், அது போகட்டும். ஆனால் சறுக்கு என்கிற வினையைக் கொஞ்சம் கவனியுங்கள். வழுக்கிக்கொண்டு போவதும் சறுக்குதான், கால் தவறி விழுவதும் சறுக்குதான். யானைக்கும் அடி சறுக்கும் என்பதில் இருக்கிற சறுக்கும், பூங்காச் சறுக்குமரத்தில் குழந்தை ஆசையோடு ஏறிச் செய்கிற சறுக்கும் தமிழில் ஒரே வினை. ஓட்டத்தையும் விழுகையையும் மொழி பிரிக்காமல் வைத்திருக்கிறது. பிரித்தது திரைக்குறிப்புதான்.

இந்த விளையாட்டின் வேலைமுறையைப் பார்த்தாலும் அப்படித்தான். இதில் 'ஆலி' என்று ஒரு அடிப்படைத் தாவல். 1970களின் இறுதியில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் என்கிற பையன் குழிவான சிமென்டுச் சுவரில் இதைச் செய்து காட்டினான். பெயரும் அவனுடைய பட்டப்பெயர்தான். சமதரையில் அதைச் சாதித்தவர் 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன். பலகையின் பின்நுனியை ஒரு காலால் ஓங்கி மிதிக்க வேண்டும். அது தரையில் பட்டுத் தெறிக்கிற நொடியில், முன்காலைப் பலகைமேல் தேய்த்துக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். கை படாமல், கயிறு கட்டாமல் பலகை பாதத்தோடு சேர்ந்து எழும். எழுத்தில் இரண்டு வாக்கியம். காலுக்கு இது வர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த நாள் முழுக்க விழுவதுதான் வேலை. பார்வையாளன் காண்கிற ஒரு தாவலுக்குப் பின்னால் அவன் காணாத நூறு விழுகைகள் இருக்கின்றன.

இன்னொன்று, ராம்ப் உச்சியிலிருந்து இறங்குவது. பலகையின் பின்பாதியை விளிம்பில் மிதித்து நிறுத்தி, முன்பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்க, முன்காலை வைத்து உடம்பின் முழு பாரத்தையும் பள்ளத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை முன்னே ஓடிவிடும், முதுகு கீழே அறையும். அரைமனசோடு இறங்குகிறவளுக்குத்தான் அடி அதிகம்.

ஐரிஸ் மேரியன் யங் 1980இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பெண்பிள்ளை மாதிரிப் பந்து எறிவது என்று கேலியாகச் சொல்வார்களே, அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு எழுதியது. பெண்பிள்ளை எறியும்போது கை மட்டும் வேலை செய்கிறது, உடம்பு கூட வருவதில்லை. தன்னைச் சுற்றி எட்டும் தூரத்தில் இருக்கிற வெளியைக்கூட அவள் முழுசாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அவருடைய அவதானம். காரணம் எலும்பிலும் தசையிலும் இல்லை. செயல்படுகிற உடலாக இருக்கும்போதே பார்க்கப்படுகிற பொருளாகவும் தன்னை அவள் உணர வேண்டியிருக்கிறது. 'என்னால் முடியும்' என்று எழுகிற உடம்பை, 'எப்படித் தெரிகிறேன்' என்கிற எண்ணம் பாதியில் பிடித்து நிறுத்துகிறது. மெர்லோ-போந்தியின் உடலியலையும் பூவாவின் பெண் நிலை பற்றிய சிந்தனையையும் சேர்த்துப் பார்த்து யங் இந்த இடத்துக்கு வருகிறார். நம்மூர்த் தாய்மார்கள் இதையே 'காலைச் சேத்து வச்சு உக்காருடி' என்று நாலு வார்த்தையில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது ராம்ப் உச்சியில் நிற்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். எப்படித் தெரிகிறேன் என்கிற அரைநொடி அவளுக்கு இங்கே கட்டுப்படியாகாது. யோசித்தால் முதுகு உடையும். பெண்ணுடலின் அந்தத் தடுப்பு இந்த விளையாட்டில் இயற்பியலாகவே வெளிப்பட்டுவிடுகிறது. அதைத் தாண்டுவதில்தான் இதனுடைய அரசியல் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டிருக்கிற பெண்ணின்மேல் ஒரு கேமராவைத் திருப்பி, பாவாடை விரிவதை மெதுவாக்கிக் காட்டினால் என்ன ஆகும்? அவள் எதை உதற முயல்கிறாளோ அதையே, 'நீ எப்படித் தெரிகிறாய் பார்' என்பதையே, படம் அவள் தலையில் திரும்ப ஏற்றுகிறது. அதற்கு விடுதலை என்று பெயரும் வைக்கிறது.

இந்தப் பார்வைக்குப் பழைய சரித்திரம் உண்டு. கலிஃபோர்னியாவில் சினிமா படித்து முடித்த இளைஞர் நோயல் பிளாக் 1965இல் 'ஸ்கேட்டர்டேட்டர்' என்று பதினெட்டு நிமிஷப் படம் ஒன்றை எடுத்தார். ஸ்கேட்போர்டை வைத்து வந்த ஆரம்பகாலப் படங்களில் ஒன்று, வசனமே கிடையாது, 1966இல் கான் விழாவில் குறும்படத்துக்கான முதல் பரிசு வாங்கியது. பையன்களின் கும்பல் ஒன்று தெருவெல்லாம் பலகையில் அலைகிறது. சைக்கிளில் வருகிற ஒரு பெண்மேல் ஒருவனுக்கு மனசு போகிறது. கூட்டாளிகளோடு பிணக்கு, மலைச்சரிவில் போட்டி, அவன் தோற்று அவள் பக்கம் போகிறான். இன்று பார்த்தாலும் துள்ளலான படம்தான். ஆனால் கதையாடலில் பெண்ணுக்கு என்ன இடம் என்று கேளுங்கள். பலகையிலிருந்து பையனை இறக்குகிறவள் அவள். அவளே ஏறக்கூடும் என்கிற நினைப்பு படத்துக்கு வரவில்லை.

அதே 1965இல், மே மாதம், 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில் ஒரு பெண் ஓடுகிற பலகைமேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றாள். பாட்டி மெகீ, வயது பத்தொன்பது, முந்தின வருஷத்து தேசியப் பெண்கள் சாம்பியன். (2024 அக்டோபரில் காலமானார்.) அட்டையில் பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள், திரையில் அவள் பையனுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே வருஷத்தில்.

பின்னால் 1980களிலிருந்து ஸ்கேட் வீடியோ என்று தனியாக ஒரு வகையே வளர்ந்தது. பலகைக் கம்பெனிகள் தங்கள் ஆட்களை வைத்து எடுத்து கேசட்டாக விற்றவை. விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் சினிமா மாணவர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது நிறைய. இதில் படம் பிடிக்கிறவன் பலகை ஓட்டத் தெரிந்தவன். 1995இல் வந்த சோனி விஎக்ஸ்-1000 கேமராவின் மேல்கைப்பிடியைப் பிடித்துத் தரையை ஒட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, முன்னால் மீன்கண் லென்ஸ் ஒன்றை மாட்டி, தானும் ஒரு பலகையில் ஏறிப் பக்கத்திலேயே ஓடுவான். ஓட்டுகிறவனுக்கும் லென்சுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். தவறினால் பலகை பறந்து வந்து லென்சையோ முழங்காலையோ உடைக்கும். அதனால் அந்தப் படங்களில் தூரத்திலிருந்து ரசிக்கிற கண் இருப்பதில்லை. சக்கரம் சிமென்டில் உரசுகிற சத்தம், பின்நுனி தரையில் அடிக்கிற 'டக்', மூச்சிரைப்பு எல்லாம் பார்க்கிறவன் உடம்பில் ஏறும். விழுந்ததை எல்லாம் கோத்துத் தனிப் பகுதியாகவே போடுகிற வழக்கமும் உண்டு. இந்தப் பையன்களுக்கு விழுவது மானக்கேடு இல்லை, ஓட்டினதற்கு அத்தாட்சி.

பெண்கள் இதில் எங்கே இருந்தார்கள்? 1996இல் 'டாய் மெஷின்' கம்பெனியின் 'வெல்கம் டு ஹெல்' வீடியோவில் எலிசா ஸ்டீமருக்கு ஆண்களைப் போலவே முழுப் பகுதி கிடைத்தது. 1999இல் டோனி ஹாக் பெயரில் வந்த வீடியோ கேமில் இருந்த ஒரே நிஜப் பெண் ஸ்கேட்டரும் அவர்தான். அதாவது ஒருத்தி. நன்றாக ஓட்டுகிற மற்றவர்கள் இல்லாமலில்லை, அவர்களோடு கூட ஓடிப் படம் பிடிக்க ஆள் இல்லை. கேமராக்காரனுடைய சிநேக வட்டம் எதுவோ அதுதான் இந்த வகையின் வரலாறாகப் பதிவாகியது. லிசா விட்டேக்கர் என்கிற பெண், தானே ஓட்டுகிறவர், தன் தோழிகளை வருஷக்கணக்கில் படம் பிடித்து 2004இல் 'கெட்டிங் நோவேர் ஃபாஸ்டர்' என்கிற முழுக்கப் பெண்களே ஓட்டுகிற வீடியோவைக் கொண்டுவந்தபோதுதான் அந்தக் கூட்டம் கண்ணில் பட்டது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தெருப்பிரிவில் தங்கமும் வெள்ளியும் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கும் ரேய்சா லியாலுக்கும் வயது பதின்மூன்று, உலகம் வியந்தது. வியப்பதற்கு நடுவே, இந்தத் தலைமுறை யாரைப் பார்த்து வளர்ந்தது, அதைப் படம் பிடித்தது யார் என்றும் கேட்கலாம்.

இனி நம் பக்கம். 2020 பிப்ரவரியில் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு ஐந்து குறும்படங்கள் இறுதிப் பட்டியலுக்கு வந்தன. அதில் இரண்டு, பலகை ஓட்டுகிற சிறுமிகளைப் பற்றியவை. ஒன்று மாமல்லபுரத்துக் கமலியைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி'. இன்னொன்று காபூலில் நடக்கிற, கரோல் டைசிங்கர் இயக்கிய 'லேர்னிங் டு ஸ்கேட்போர்ட் இன் எ வார்ஜோன்'. இரண்டாவது பாஃப்டாவையும் அந்த மாதமே ஆஸ்காரையும் வாங்கியது.

கமலி உலகத்துக்குத் தெரிய வந்ததே ஒரு புகைப்படத்தால். வெறுங்காலோடு, கவுன் போட்டு ராம்பில் ஓட்டுகிற சின்னப் பெண். டோனி ஹாக் பகிர்ந்து எங்கெங்கோ போயிற்று. என்னிடம் வந்த மாணவர்களின் பட்டுப்பாவாடைக்கு மூலப்பிரதி இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கமலி அன்றைக்குப் போட்டிருந்ததைத்தான் போட்டிருந்தாள், யாரும் உடுத்திவிடவில்லை. ரெயின்போவின் படம் அந்தப் பிம்பத்தோடு நின்றுவிடாமல் அவளுடைய அம்மாவிடம் போகிறது. தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கிற அந்த அம்மா திருவண்ணாமலைக்குப் பாதயாத்திரை புறப்படுகிறார், மகள் போட்டிக்கு பெங்களூர் போகிறாள். என் வாசிப்பில் படத்தின் கனம் அம்மாவின் நடையில்தான் இருக்கிறது. மகளின் ஓட்டம் அம்மாவின் வாழ்க்கைக்கு உருவகமாகிவிடுகிறபோது, ஓட்டம் என்கிற வேலை, அதன் சலிப்பு, திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவை கொஞ்சம் கரைந்துவிடுகின்றன. அழகான படம். அழகே அதன் சங்கடம். கமலி பிறகு அலைச்சறுக்குக்குப் போய், இன்று தேசிய அளவில் போட்டிகளை ஜெயிக்கிறவர். படம் அவளை நிறுத்திய இடத்தில் அவள் நிற்கவில்லை.

காபூல் படத்தின் பின்னணி இது: ஆலிவர் பெர்கோவிச் என்கிற ஆஸ்திரேலியர் 2007இல் தொடங்கிய 'ஸ்கேட்டிஸ்தான்' பள்ளி. பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டினால் ஏசுகிற ஊரில் பலகைக்கு மட்டும் தடை வரவில்லை. காரணம் எளிது: அது புதுசு, பெண்கள் தொடக்கூடாது என்று யாரும் அதுவரை சொல்லி வைத்திருக்கவில்லை. அதிகாரம் பெயரிடாத பொருளில் ஒரு இடுக்கு. டைசிங்கர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா சொல்லித் தருகிறவர். பெண்களே அதிகமாக இருந்த குழுவோடு போனார். படத்தில் ஓட்டம் பெரும்பாலும் கூரைக்குக் கீழே. வகுப்பறைக் கரும்பலகையும் சக்கரப்பலகையும் மாறி மாறி வருகின்றன. தைரியம் என்பது அங்கே ஒரு பாடம். ஒரு சிறுமி கை தூக்குவதும், முழங்கால் காப்பை மாட்டிக்கொண்டு இறங்குவதும் ஒரே காரியமாகத் தெரிகின்றன. வானம், சிறகு ஒன்றும் கிடையாது. என் ஓட்டு இந்தப் படத்துக்கே, ஒரு குறையோடு: வெளியிலிருந்து வந்து பலகை கொடுத்தவரின் நல்ல மனசு படம் முழுக்க ஒரு வாசனை மாதிரிப் படிந்திருக்கிறது.

இந்த 'வெளியிலிருந்து வருகிறவர்' கதையாடல் லேசில் ஒழியாது. 2021இல் வந்த மஞ்சரி மாகிஜானியின் 'ஸ்கேட்டர் கேர்ள்' முழுநீளப் படத்திலும் லண்டனிலிருந்து வருகிற பெண்தான் ராஜஸ்தான் கிராமத்துச் சிறுமிக்குக் கதவு திறக்கிறாள். (படத்துக்காகக் கேம்பூரில் கட்டிய ஸ்கேட் மைதானத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், சினிமாக்காரர்கள் பொதுவாகக் குப்பையை விட்டுவிட்டு வருவார்கள்.) நிஜத்திலும் அப்படித்தான் நடக்கிறது என்பார்கள். மத்தியப் பிரதேசத்து ஜன்வாரில் 2015இல் மைதானம் கட்டியது உல்ரிகே ரெய்ன்ஹார்ட் என்கிற ஜெர்மானியப் பெண். அங்கே முதல் விதி, பெண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை. ஆதிவாசிப் பிள்ளைகளும் யாதவப் பிள்ளைகளும் ஒரே சிமென்டில் விழுந்து எழுந்தார்கள். கோண்டு சமூகத்து ஆஷா 2018இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டிவரை போனார். தொடங்கி வைத்தது வெளியாளாக இருக்கலாம். அதற்குப் பின்னால் ஆஷா தன் வீட்டோடும் ஊரோடும் தினமும் என்ன பேசி ஜெயித்தாள் என்பது தனிப் படத்துக்கான கதை. பெங்களூரில் ஆதிதா வர்கீஸ் 2015இல் தொடங்கிய 'கேர்ள் ஸ்கேட் இந்தியா'வில் ஓட்டுகிறவளே சொல்லிக் கொடுக்கிறவள். அங்கே ரட்சகர் தேவைப்படவில்லை.

உடை விஷயத்தில் மாணவர்களுக்கு நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டியும் வந்தது. பாவாடையே கூடாது என்றுதான் சண்டை போட்டேன். பொலிவியாவின் கோச்சபம்பா நகரத்தில் 'இமில்லா ஸ்கேட்' என்று ஒரு பெண்கள் குழு 2019இல் உருவானது. இமில்லா என்றால் அய்மாரா, கெச்சுவா மொழிகளில் சிறு பெண். பழங்குடிப் பாட்டிமார் உடுத்துகிற மடிப்பு நிறைந்த 'பொயேரா' பாவாடையோடும் ரெட்டைச் சடையோடும் இவர்கள் பலகை ஓட்டுகிறார்கள். அந்த உடை ஸ்பானியர்கள் திணித்தது. காலப்போக்கில் பழங்குடிப் பெண்ணின் அடையாளமாகி, அதை உடுத்தியவளைக் கேவலமாகப் பார்க்கிற நகரத்துக் கண்ணும் வளர்ந்தது. பேத்திகள் அதை எடுத்து உடுத்திக்கொண்டு நகரத்தின் நடுவிலேயே விழுந்து எழுகிறார்கள். உடை ஒன்றுதான், ஆனால் தீர்மானித்தது அவர்கள். குப்பத்துப் பிள்ளைகளிடம் பட்டுப்பாவாடை பற்றிக் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. போய்க் கேட்டார்கள். "அது கோயிலுக்கு. போர்டுல மாட்டிக்கும்" என்று ஒருத்தி சொன்னாளாம். பாவாடை விவகாரம் அதோடு தீர்ந்தது.

தீராதது வேறொன்று. 2021 ஆகஸ்டில் தாலிபான் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் படிப்பு நின்றது, விளையாட்டு நின்றது. ஆப்கன் பெண்கள் கால்பந்து அணியின் முன்னாள் தலைவி காலிதா போபல், நாட்டுக்குள் இருந்த வீராங்கனைகளிடம் படங்களை அழித்துவிடுங்கள், சீருடையை எரித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. நம் முகத்தை யாரும் பார்ப்பதில்லையே என்று வருஷக்கணக்கில் போராடியவர்கள், ஒரே வாரத்தில் தங்கள் முகங்களைத் தாங்களே அழித்தார்கள். தன் செல்போனில் இருப்பதை ஒருத்தி அழிக்கலாம். விருது வாங்கி உலகம் சுற்றிய படத்தில் இருக்கிற முகத்தை அவள் எப்படி அழிப்பாள்? பார்வை பற்றி நாம் எழுதிக் குவித்த பக்கங்களில், பார்க்கப்பட்டது அப்படியே சேமிக்கப்பட்டு இருக்கிறது, நாளை வேறொரு கண் அதை வேறொரு காரணத்துக்காகத் தேடி எடுக்கும் என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நம் குப்பத்தில் தாலிபான் இல்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் உண்டு, சாதிச் சங்கம் உண்டு, 'பழைய வீடியோ ஒண்ணு இருக்காமே' என்று கேட்கிற மாமியார்கள் உண்டு.

மூன்று மாசம் கழித்து அந்த மாணவர்கள் திரும்ப வந்தார்கள். பையனுக்கு முழங்கையில் கட்டு. கூட ஓடிக்கொண்டே படம் பிடிக்கப் பலகை பழகப் போய் விழுந்திருக்கிறான். இதுவரை எடுத்ததைப் போட்டுக் காட்டினார்கள். பதினோரு நிமிஷம் ஒரே பெண், ஒரே தாவல், நாற்பத்து மூன்று தடவை. அவள் கெட்ட வார்த்தை சொல்கிற இடத்தில் சத்தத்தை அணைக்கவில்லை. நாற்பத்து மூன்றாவதும் சரியாக வரவில்லை. பின்னணிக் குரல் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டதால் எனக்கு வேலையில்லை.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது அந்தப் பெண் ஒன்று கேட்டிருக்கிறாள்: "பின்னாடி எப்பவாச்சும் இது வேணாம்னு சொன்னா எல்லா இடத்துலேர்ந்தும் எடுத்துருவீங்களாக்கா?"

விழாக்களுக்கு அனுப்பத் தேதி நெருங்குகிறது. அந்த வரியைக் கடிதத்தில் சேர்ப்பதா, சேர்த்தால் காப்பாற்ற முடியுமா என்று மூன்று பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்து இன்னும் ஆகவில்லை.